முடி வெட்டிய தலைக்கு ஒரு ஹெல்மெட்

துவாய்னே விருந்துக்கு வருகிறாள் என்றால் ஆண்கள் தங்கள் ஹெல்மெட்டை எங்காவது ஒளித்து வைத்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார்கள். அவள் கையில் அகப்பட்டால் தொலைந்தது. உள்ளே விரலை விட்டு அழுத்துவாள், மோந்து பார்ப்பாள், கழுத்து வாரை இழுப்பாள், கடைசியில் அதை உங்கள் தலையிலேயே மாட்டி இரண்டு கையாலும் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்புவாள். ஹெல்மெட்டோடு சேர்ந்து நெற்றித் தோலும் இழுபட்டு வந்தால் பிழைத்தீர்கள். ஹெல்மெட் மட்டும் தனியாகச் சுற்றினால், அத்தனை பேர் முன்னாலும் தீர்ப்பு வந்துவிடும்.

"இதுல கோழியை அடை வை. தலைக்கு வேற வாங்கு."

பசிபிக் கடல் நடுவே இருக்கும் ரரொதோங்கா தீவில் பைக் இல்லாத வீடு கிடையாது. ஆகையால் அவளுக்கு வேலைக்கும் பஞ்சம் கிடையாது.

இந்தக் கிறுக்கு அவளைப் பிடித்தது அரோராங்கி வளைவில் ஒரு பன்றி குறுக்கே வந்த நாளில். அவள் எப்போதும் போல பைக்கில் பறந்துகொண்டிருந்தாள். பன்றிக்கு ஒன்றும் ஆகவில்லை. அவளுக்கும் முழங்கையில் சிராய்ப்புதான். ஹெல்மெட்டில் விரல் நீளத்துக்கு ஒரு கீறல், அவ்வளவே. இன்னும் பத்து வருடம் மாட்டலாம் என்றுதான் அவளும் நினைத்தாள். ஆனால் விழும்போது காதுக்குள் கேட்ட அந்த 'டொக்' அவளை விடவில்லை. தேங்காய் வெட்டும் கத்தியை எடுத்து ஹெல்மெட்டை இரண்டாகப் பிளந்துவிட்டாள். வெளியே கீறல் இருந்த இடத்துக்கு நேர் உள்ளே, வெள்ளைத் தெர்மாக்கோல் யாரோ கடித்துத் துப்பிய ரொட்டி மாதிரி நசுங்கிக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை அந்த இரண்டு பாதிகளையும் தேவாலயச் சுவர்மேல் வைத்து, பிரார்த்தனை முடிந்து வெளியே வந்தவர்களை எல்லாம் அந்தப் பள்ளத்தில் விரல் வைக்கச் சொன்னாள். போதகரும் வைத்தார்.

"இது என் மண்டையில விழ வேண்டிய குழி. ஒரு தடவை அடி வாங்கிட்டா அதோட கதை முடிஞ்சுது. மேல பளபளன்னு இருக்கே, வாங்குன காசு வீணாப்போகுதேன்னு வச்சுக்காதீங்க."

அன்றிலிருந்து அவள் கண்ணுக்கு யார் தலையும் தப்பவில்லை. தம்பி நோரோவா மட்டும் சொன்ன மறுநாளே புதிது வாங்கிவிட்டான். அவன் அப்படித்தான். உலகத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் பயப்படுவான், அக்காவுக்குக் கொஞ்சம் கூடுதலாக. அவன் ஸ்கூட்டர் ஓட்டினால் நாய்கள் துரத்துவதில்லை. கூடவே நடந்து போகும்.

அந்த நோரோவாவின் மகன்தான் தெரங்கி. ஒன்பது வயது. மூத்த ஆண்பிள்ளைக்கு விழா எடுத்துத்தான் முடி வெட்டுவது தீவு வழக்கம் என்பதால் பிறந்ததிலிருந்து அவன் தலையில் கத்தரிக்கோல் பட்டதே இல்லை. இடுப்புவரை தொங்கும் அந்த முடியோடு அவன் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. சுற்றுலா வந்த அம்மாக்கள் கன்னத்தைக் கிள்ளி "என்ன அழகான பொண்ணு" என்பார்கள். காலையில் அம்மா அகாய்தி சீப்போடு வந்தால் அவன் பலாமரத்தில் ஏறிவிடுவான். ஒருநாள் மரத்தடியில் நின்றுகொண்டு துவாய்னே அவனிடம் பேரம் பேசினாள்.

"முடி வெட்டுற அன்னைக்கு ஊரே நம்ம பின்னாடி வண்டி கட்டிக்கிட்டுத் தீவைச் சுத்தி வருமில்ல, அதுல மொத வண்டி யாருது?"

"உன்னுதா?"

"என் சிவப்பு பைக்குதான். பின்னாடி யாரு உக்காருவா?"

தெரங்கி மரத்திலிருந்து இறங்கி வந்து தலையைக் காட்டினான். அதன்பிறகு இரண்டு வருடம் அவன் சீப்பைப் பார்த்து ஓடவே இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். யாராவது பெண் என்றால் கோபப்படுவதும் இல்லை. எல்லாம் அந்த ஒரு சவாரிக்காக.

அவனுக்கு ஹெல்மெட் வாங்கியதும் அத்தைதான். போன கிறிஸ்துமஸுக்கு முன்னால் அவாருவா நகரத்துக் கடைக்குக் கூட்டிப் போனாள். கூடவே அப்பா, அம்மா, மாமா, இரண்டு சித்தி. கடையில் இருந்த பாதி ஹெல்மெட்டைக் கீழே இறக்கினார்கள். சுருட்டிக் கொண்டை போட்ட முடியோடு சின்னது எதுவும் உள்ளே போகவில்லை. கடைசியில் பெரியவர்கள் அளவில் ஒரு நீல நிற ஹெல்மெட் கச்சிதமாக உட்கார்ந்தது. துவாய்னே பிடித்துத் திருப்பினாள். நெற்றித் தோல் கூடவே வந்தது. "இதுதான் ஹெல்மெட்டு. இப்படித்தான் பிடிக்கணும்" என்று கடைக்காரருக்கும் சேர்த்துப் பாடம் எடுத்துவிட்டு வந்தாள். அத்தனை பேரில் ஒருவருக்குக்கூட அடுத்த ஆகஸ்டில் அந்தத் தலையில் என்ன இருக்கப்போவதில்லை என்று தோன்றவில்லை.

ஆகஸ்டு சனிக்கிழமை வந்தது. வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டு, நாற்காலிமேல் அகாய்தி ஒரு வருடமாகத் தைத்த பூப்போட்ட போர்வையை விரித்து, அதன்மேல் தெரங்கியை ராஜா மாதிரி உட்கார வைத்தார்கள். முடியைச் சின்னச் சின்னப் புரிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு ரிப்பன். பெயர் கூப்பிடக் கூப்பிட உறவுக்காரர்கள் ஆடிக்கொண்டே வந்து ஆளுக்கு ஒரு புரியை வெட்டிக்கொண்டு, மடியில் சீரைப் போட்டுவிட்டுப் போனார்கள். ஆக்லாந்திலிருந்து இதற்காகவே வந்த கூட்டத்துக்கு அன்று இரவே விமானம். அதனால் எல்லாம் மளமளவென்று நடந்தது. கடைசிப் புரியைத் துவாய்னே வெட்டினாள். பிறகு மெதுவா என்ற பெயருள்ள அகாய்தியின் அண்ணன் மிஷின் போட்டு ஒட்ட இழுத்துவிட்டான். முடிக்குள்ளிருந்து ஒரு சின்னத் தலையும் இரண்டு பெரிய காதுகளும் வெளியே வந்தன. தெரங்கி தலையைத் தடவிப் பார்த்தான், காற்று பட்டதும் சிரித்தான், பந்தலைச் சுற்றி ஒரு ஓட்டம் ஓடினான்.

உமு என்னும் மண்குழி அடுப்பைத் திறந்து பன்றியும் சேப்பங்கிழங்கும் எடுத்து, தேங்காய்ப்பாலில் ஊறிய மீனோடு எல்லாரும் ஒரு பிடி பிடித்தார்கள். பிறகு வண்டிகள் வாசலில் வரிசை கட்டின. மரமேளங்களை லாரியில் ஏற்றினார்கள். துவாய்னே சிவப்பு பைக்கைத் துடைத்து முன்னால் நிறுத்தி ஒரு உறுமல் உறும விட்டாள்.

"வாடா என் சிங்கம்."

தெரங்கி நீல ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஓடி வந்தான். வந்த வேகத்தில் நின்றான். ஹெல்மெட் மூக்குவரை இறங்கிவிட்டது. அதைத் தூக்கிவிட்டான். திரும்பவும் இறங்கியது. அவன் இடது பக்கம் திரும்பினான். ஹெல்மெட் வாசலைப் பார்த்தபடியே இருந்தது.

பிறகு மெதுவா, சாப்பிட்ட தட்டைக் கீழே வைத்துவிட்டு, நிதானமாக நடந்து வந்து தெரங்கியின் ஹெல்மெட்டை இரண்டு கையாலும் பிடித்தான். பம்பரம் மாதிரி ஒரு முழுச்சுற்றுச் சுற்றினான்.

"நெத்தித் தோல் வரலையே அக்கா. கோழியை அடை வச்சிரலாமா?"

பந்தலே அதிர்ந்தது. வருடக்கணக்கில் அவளிடம் மூக்குடைபட்டவர்கள் அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள். போதகருக்குச் சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது. துவாய்னேவுக்கு முகம் சிவந்தது. ஆனால் சிரிப்பைவிட வேறொன்று அவளைக் குத்தியது. அன்று கடையில் அந்த ஹெல்மெட் பிடித்தது தலையை அல்ல, முடியைத்தான். எட்டு மாதமாக அவனைப் பின்னால் வைத்துக்கொண்டு அவள் பறந்ததெல்லாம் ஒரு கொண்டையை நம்பி.

"அப்போ... நான் வர முடியாதா அத்தை?"

ஹெல்மெட்டுக்குள்ளிருந்து அந்தக் குரல் வந்தபோது அவளுக்கு மற்றதெல்லாம் மறந்துபோயிற்று.

"யாரு சொன்னா? ஏய், என்ன எல்லாரும் பல்லைக் காட்டிக்கிட்டு? வழி சொல்லுங்க."

கடை மதியமே அடைத்தாயிற்று. கடைக்காரர் மீன் பிடிக்கக் கடலுக்குப் போய்விட்டார். விமானம் காத்திருக்காது. நாளை ஞாயிறு; ஞாயிற்றுக்கிழமை ஆரன் அடித்துக்கொண்டு தீவைச் சுற்றினால் போதகரே சிரிக்க மாட்டார்.

"உள்ள ஒரு துண்டைச் சுத்தி வச்சா?" என்றாள் ஒரு சித்தி.

"துண்டு வச்சுத்தான் ஓட்டுறேன்னு போன மாசம் ஒருத்தன் சொன்னான். அக்கா அவனை என்ன பண்ணுச்சுன்னு தெரியுமா?" என்றான் மெதுவா. "துண்டெல்லாம் வேணாம். கச்சிதமா பிடிக்கிறதுக்கு என்ன இருந்துச்சோ அதையே திரும்ப வைப்போம். எடுங்கப்பா எல்லாரும், முடியை எடுங்க."

அவன் விளையாட்டுக்குச் சொன்னான். கூட்டம் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டது. கைப்பைகள் திறந்தன, சட்டைப் பைகள் திறந்தன. ஆக்லாந்து அத்தைமார்கள் பெட்டியில் பூட்டி வைத்ததை ஓடிப்போய் எடுத்து வந்தார்கள். சிவப்பு, பச்சை, மஞ்சள் ரிப்பன் கட்டிய முடிப்புரிகள் ஒவ்வொன்றாக அந்த நீல ஹெல்மெட்டுக்குள் விழுந்தன. "என்னுது ஊதா ரிப்பன், மாத்திடாதீங்க, திரும்ப வேணும்" என்றாள் ஒருத்தி. தன் முடியையே மெத்தையாக வைத்த ஹெல்மெட்டைத் தெரங்கி மாட்டிக்கொண்டபோது காதோரம் ரிப்பன்கள் தொங்கின. கோவில் காளை மாதிரி இருந்தான். ஆனால் ஹெல்மெட் நின்றது. மூக்குக்கு இறங்கவில்லை.

"போலாம் அத்தை, போலாம். பாரு, நிக்குது."

எல்லாரும் துவாய்னேவைப் பார்த்தார்கள். அவளுக்கு ஆசைதான். ஒரே ஒரு சுற்று. தெரிந்த பாதை. இன்றைக்குப் பன்றிகளெல்லாம் அடுப்பில் இருக்கின்றன. கைப்பிடியில் கையை வைத்துவிட்டாள். வைத்த கை அவள் பேச்சைக் கேட்கவில்லை. எழுந்து போய் அவன் ஹெல்மெட்டைப் பிடித்துத் திருப்பியது. ஹெல்மெட் வழுக்கிக்கொண்டு சுற்றியது. ஊதா ரிப்பன் வாய்க்கு வந்தது.

"கழட்டுடா கண்ணு."

தெரங்கி அழவில்லை. உதட்டை மடித்துக்கொண்டு கழற்றினான். அது அழுததைவிட மோசமாக இருந்தது.

"வீட்டுல இருக்குற அத்தனை ஹெல்மெட்டும் இங்க வரணும். ஒளிச்சு வச்சதும்" என்றாள் துவாய்னே.

முழுக் குடும்பமும் வரிசையில் நின்றது. பிள்ளைகளின் ஹெல்மெட்டுகள் முதலில். ஒன்று மாமரத்திலிருந்து விழுந்து உள்ளே விரிசல் விட்டிருந்தது. ஒன்றில் வார் நைந்து நூலில் தொங்கியது. ஒன்று வருடக்கணக்கில் வெயிலில் கிடந்து மேல்பூச்சு மாவாக உதிர்ந்தது. பிறகு பெரியவர்களுடையது. தேங்காயெண்ணெய் குடித்துக் குடித்து உள்பஞ்சு களியாகிப் போனவை ஐந்தாறு. மெதுவாவின் ஹெல்மெட்டை மோந்தவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இதைத் தலையில வச்சுக்கிட்டு எப்படிடா நிம்மதியா தூங்குற?"

"தூங்கும்போது கழட்டிருவேன் அக்கா."

"வார்ல கொக்கியே இல்ல."

"முடிச்சுப் போட்டுக்குவேன்."

"கோழிகூட அடை காக்காது."

நோரோவாவின் ஹெல்மெட் ஒன்றுதான் தேறியது. புத்தம்புதுசு போல இருந்தது. ஆனால் அவன் தலை பெரிது. தெரங்கிக்கு அது நீலத்தைவிட மோசமாக ஆடியது. துவாய்னே வரிசையின் முடிவுக்கு வந்துவிட்டாள். தரையில் ஒதுக்கித் தள்ளிய ஹெல்மெட்டுகள் இளநீர் கடைக் குப்பை மாதிரி குவிந்து கிடந்தன.

அப்போது அகாய்தி சொன்னாள். "அண்ணி, இன்னும் ஒண்ணு பாக்கலையே."

"எது?"

"உங்க கக்கத்துல இருக்குறது."

துவாய்னே தன் ஹெல்மெட்டைப் பார்த்தாள். பன்றிக்குப் பிறகு வாங்கியது. தரையில் ஒருமுறைகூட வைக்காமல் துணிப்பையில் போட்டுக் காப்பாற்றுவது. அதைத் தெரங்கியின் தலையில் மெல்ல இறக்கினாள். வாரைப் பூட்டினாள். இரண்டு கையாலும் பிடித்து வலம் திருப்பினாள், இடம் திருப்பினாள். புருவம் இரண்டும் ஹெல்மெட்டோடு சேர்ந்து போய் வந்தன. மேலும் கீழும் ஆட்டினாள். கன்னம் கூடவே வந்தது.

"பிடிக்குது" என்றாள் மெல்ல.

மெதுவா அவள் தலையையும் பையன் தலையையும் மாறி மாறிப் பார்த்தான். "ஒன்பது வயசுப் பையன் தலையும் உங்க தலையும் ஒரே அளவா? இத்துனூண்டு தலையில அத்தனை பெரிய வாயை எப்படிக்கா வச்சிருக்கீங்க?"

இந்த முறை துவாய்னேவும் சிரித்தாள். தெரங்கி அதற்குள் பைக்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டான். "வா அத்தை, வா." அவன் குதித்த குதியில் பைக் ஆடியது. அவள் காலைத் தூக்கிப் போடப் போனபோதுதான் அவளுக்கே உறைத்தது. தலை வெறுமையாக இருந்தது.

நோரோவாவின் ஹெல்மெட்டைத் தன் தலையில் கவிழ்த்துப் பார்த்தாள். அண்டாவுக்குள் தலையை விட்ட மாதிரி இருந்தது. மற்றவை எல்லாம் தரையில். ஒவ்வொன்றைப் பற்றியும் ஒவ்வொரு வசனம் பேசி, அவளே தன் கையால் ஒதுக்கியவை. மெதுவா தன்னுடையதை எடுத்துத் தூசி தட்டி, பணிவாக இரண்டு கையிலும் ஏந்தி நீட்டினான்.

"அடை காக்குறீங்களா அக்கா?"

அதை வாங்கி மாட்டிக்கொண்டிருந்தால் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். அவளுக்குத் தெரியும். சிரித்துவிட்டு ஆரன் அடித்திருப்பார்கள். இரண்டு வருடமாக அந்தப் பையனை விட அதிகமாக அந்தச் சவாரியைக் கனவு கண்டவள் அவள்தான். முன்னால் கடல் சாலை, பின்னால் நூறு வண்டி, முதுகில் ஒட்டிக்கொண்டு அவன். வீட்டில் பிள்ளை குட்டி இல்லாதவளுக்கு அது எவ்வளவு பெரிது என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் அந்தக் குழிக்குள் ஊரையே விரல் வைக்கச் சொன்னவள் அவள்.

"நோரோவா, ஸ்கூட்டரை எடு."

"நானா அக்கா?"

"தலையில ஒழுங்கான ஹெல்மெட்டு இருக்குறவன் இந்தக் கூட்டத்துல நீ ஒருத்தன்தான். உன் மவனை நீ கூட்டிட்டுப் போ."

தெரங்கியின் முகம் சின்னதாகிப் போனது. "அப்பா ஸ்கூட்டர்லயா அத்தை? அது ஓடவே ஓடாதே." பிறகு அவன் அப்பாவின் முகத்தைப் பார்த்தான். அந்த முகத்தில் என்ன கண்டானோ, சிவப்பு பைக்கிலிருந்து இறங்கிப் போய் ஸ்கூட்டரில் ஏறி, அப்பாவின் இடுப்பைச் சுற்றிக் கையைப் போட்டுக்கொண்டான். ஒதுக்கிய ஹெல்மெட்டுக்காரர்களும் தாங்களாகவே தலையைச் சொறிந்துகொண்டு லாரியில் ஏறினார்கள். அவர்களுக்கு நடுவில் துவாய்னேவை இழுத்து ஏற்றினார்கள். அகாய்தி தன் தலையிலிருந்த பூ வளையத்தை எடுத்து அவள் தலையில் வைத்துவிட்டு, பாத்திரம் கழுவ வீட்டிலேயே நின்றுகொண்டாள்.

ஊர்வலம் நகர்ந்தது. நகர்ந்தது என்பதே பெரிய வார்த்தை. நோரோவா பள்ளத்தைப் பார்த்தால் நின்றான், கோழியைப் பார்த்தால் நின்றான், ஒன்றுமில்லாத இடத்தில் எதற்கும் இருக்கட்டும் என்று நின்றான். பின்னால் வண்டிகள் அரோராங்கியிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் ஆரன் அடித்துக்கொண்டு நின்றன. நாய்கள் கூட வந்தன. முதலில் எல்லாரும் திட்டினார்கள், பிறகு பாட ஆரம்பித்தார்கள். வீடுகளிலிருந்து ஜனங்கள் வெளியே வந்தார்கள். துவாய்னே ஓட்டியிருந்தால் அவர்கள் கண்டிருப்பது புழுதியைத்தான். இப்போதோ செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, தோட்டத்தில் பூப்பறித்து, மாலையே கட்டிக்கொண்டு வந்து, ஓடும் ஸ்கூட்டரோடு நடந்தபடி தெரங்கியின் கழுத்தில் போட முடிந்தது. ஒரு பெரியவர் இளநீரைச் சீவிக் கொடுத்து, அவன் குடித்து முடிக்கும்வரை கூடவே நடந்து, வெறும் காயை வாங்கிக்கொண்டு திரும்பினார். தித்திகவேகா கிராமம் வருவதற்குள் தெரங்கி மோவாய் வரை பூவில் மூழ்கிவிட்டான்.

லாரி அவர்களுக்கு நேர் பின்னால் போனது. தெரங்கி அடிக்கொருதரம் திரும்பி லாரியைப் பார்த்தான். ஹெல்மெட்டின் முன்கண்ணாடியைத் தூக்கி விட்டிருந்தான். வாய் காதுவரை போயிருந்தது. அப்பாவின் தோளைத் தட்டி ஏதோ சொன்னான். நோரோவாவின் முதுகு சிரிப்பில் குலுங்கியது. அந்த முதுகு குலுங்கித் துவாய்னே பார்த்ததே இல்லை. தெரங்கி ஒவ்வொரு மாலைக்கும் கூச்சப்பட்டுத் தலை குனிவதை, அலை அடித்தால் கையை நீட்டிக் காட்டுவதை, எல்லாவற்றையும் அவள் பார்த்தாள். சிவப்பு பைக்கில் அவன் அவள் முதுகுக்குப் பின்னால் இருந்திருப்பான். இந்த முகத்தில் ஒன்றைக்கூட அவள் கண்டிருக்க மாட்டாள். இரண்டு வருடம் எதற்காகக் காத்திருந்தோம் என்பதே தனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"அழறீங்களா அக்கா?" என்றான் மேளத்துக்கு அந்தப் பக்கமிருந்து மெதுவா.

"ஆமாடா, அழறேன். நீ கையை நிறுத்தாத, அடி."

வீடு வந்தபோது சூரியன் கடலைத் தொட்டுக்கொண்டிருந்தது. வாசலில் அகாய்தியும், பெட்டி படுக்கையோடு ஆக்லாந்து அத்தைமார் இரண்டு பேரும் இடுப்பில் கைவைத்து நின்றார்கள். ஸ்கூட்டர் வாசலை நெருங்கியது. தெரங்கி அப்பாவின் காதருகே எம்பி எதையோ கேட்டான்.

பிறந்ததிலிருந்து எதற்கும் நிற்காமல் போனதே இல்லாத நோரோவா, தன் வீட்டு வாசலில் நிற்காமல், அகாய்தியைப் பார்த்து ஒரு கையை ஆட்டிவிட்டு நேரே போனான்.

"எங்க போறீங்க? விமானம் இருக்கு" என்று அகாய்தி பின்னாலேயே ஓடி வந்தாள்.

லாரி டிரைவர் கண்ணாடி வழியாகத் துவாய்னேவைப் பார்த்தார். அவள் பூ வளையத்தைத் தலையில் அழுத்திவிட்டுக்கொண்டு, லாரியின் கூரையைக் கையால் ஓங்கித் தட்டினாள்.

"அவன் பின்னாடியே போ. இன்னொரு சுத்து சுத்துவோம். ராத்திரி ஆனாலும் ஆகட்டும்."